அம்மா இளைத்ததற்குச் சொன்ன காரணங்கள்

நம் வயசுக்காரர்களுக்கு டைபாய்டு என்றால் என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு பிள்ளையாவது அதில் படுத்து, எலும்பும் தோலுமாக எழுந்து, கொட்டின முடி முளைக்கும் வரை தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கும். எங்கள் வளவில் அந்த வருஷம் அது நான். ஆடியில் காய்ச்சல் வந்தது. ஆவணி பிறப்பதற்குள் என் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. நான் இளைத்ததை ஊரே உட்கார்ந்து பார்த்தது. அதே வீட்டில், அதே மாசங்களில், அம்மாவும் இளைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நோய்தான், என்னுடையதைவிடப் பொல்லாத நோய், ஆளையே கொண்டுபோகக்கூடிய நோய். அதை ஒருத்தரும் நோய் என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எல்லாம் நல்ல நல்ல காரணங்கள்.

எங்கள் வளவு தெப்பக்குளத்திலிருந்து வண்டியூர் போகிற வழியில் இருந்தது. நடுவில் ஒரு முற்றம், சுற்றி ஏழெட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு அடிகுழாய், கடைசியில் இரண்டு கக்கூஸ். தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா கீழமாசி வீதிப் பக்கம் ஒரு வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்தும்போதே வெல்ல வாசனை முன்னால் வந்துவிடும். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் எறும்பு ஏறும். வீட்டை ஆண்டது அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், மாமா இறந்த பிறகு எங்களோடு வந்து இருந்தவள். அப்பா அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அம்மா சோழவந்தான் பக்கம், நெல் வயலுக்கு நடுவில் வளர்ந்தவள். நல்ல தாட்டியான உடம்பு. சிரித்தால் கன்னம் இரண்டும் மேலே ஏறிக் கண் மூடிக்கொள்ளும். அந்த உடம்புதான் அத்தைக்கு ஆகவே ஆகாது. அம்மா சாப்பிட உட்கார்ந்தால் அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றுகொள்வாள். "தின்னு தாயி, நல்லாத் தின்னு. என் தம்பி மூட்டையோட மூட்டையா ஒன்னையவும் சுமக்கத்தான பொறந்திருக்கான்" என்பாள். அம்மா சோற்றைப் பாதியில் பிசைந்து நிறுத்திவிட்டு, அத்தை போன பிறகு மறுபடி சாப்பிடுவாள்.

எனக்குக் காய்ச்சல் வந்ததும் தெருமுனை டாக்டர் ரொட்டியும் பாலும் கஞ்சியும் தவிர வேறு எதையும் கண்ணில் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். பாலில் ஊறிப் பிசுபிசுத்த அந்த ரொட்டியின் வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டும். பக்கத்து வீட்டில் அயிரை மீன் கொதித்தால் நான் கட்டிலில் படுத்தபடி அழுவேன். அம்மா ஈரத் துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கீழேயே கிடந்தாள். காய்ச்சல் இறங்குவேனா என்றது. என் கை குச்சியாகிக்கொண்டே போனது. பார்க்க வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள், சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு நாள் மத்தியானம் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்தாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எங்கள் குலசாமி கீழக்குயில்குடி அய்யனார்.

"அய்யனாரே, எம்புள்ளைய எந்திரிச்சு உக்கார வையி. அவ எடைக்கு எடை வெல்லம் தாரேன். அதைக் குடுத்து முடிக்கிற வரைக்கும் ஒருபொழுதுதான் சாப்பிடுவேன்" என்றாள்.

அத்தை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கும் ஒரு குத்தல் வைத்திருக்கிறவள், அன்றைக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கியது. டாக்டரின் மருந்தா, அய்யனாரா என்று நான் இப்போது வழக்காட வரவில்லை. அப்பா என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து மண்டிக்குக் கூட்டிப்போய், மூட்டை போடும் தராசில் ஏற்றினார். பொங்கல் சமயத்தில் விளையாட்டுக்கு என்னை அதே தராசில் நிறுத்தியவர் அவர். இப்போது அன்றைய எடைக்கு வைத்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். முள் நிமிரவில்லை. கடைசியில் நேராக நின்றபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். கிட்டத்தட்ட கால்வாசி ஆளைக் காணோம்.

அன்றைக்கு வீட்டில் ஒரு பெரிய சண்டை. வேண்டுதல் எந்த எடைக்கு என்று.

"இப்ப இருக்கற எடைக்குக் குடுத்துட்டு வேலையப் பாருங்க. சாமி என்ன தராசு வச்சுக்கிட்டா உக்காந்திருக்கு?" என்றாள் அத்தை.

"அதெப்பிடிக்கா? நல்லா இருந்த புள்ளையத்தான கேட்டோம்? கொறஞ்ச எடையக் குடுத்தா கொறஞ்ச புள்ளையத்தான தரும்?" என்றார் அப்பா. எடை விஷயத்தில் மட்டும் அவர் அக்காளுக்கே விட்டுக்கொடுக்க மாட்டார்.

அம்மாவைக் கேட்டார்கள். "தேறட்டும். பழைய உடம்பு வரட்டும். முழுசாவே குடுப்போம்" என்றாள்.

நான் தேறும் வரை அவளுக்கு ஒருபொழுது என்பதை யாரும் யோசிக்கவில்லை, அவள் உட்பட. மத்தியானம் ஒரு வேளை சோறு. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, அப்பா மண்டியிலிருந்து கொண்டுவரும் வெல்லத்தில் கொஞ்சம் எடுத்துப் பானகம் கரைத்து ஒரு சொம்பு குடிப்பாள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டது. வீட்டில் வெல்லத்துக்கா பஞ்சம்? நாக்கு வறள்கிறது என்று அம்மா சொன்னால் அத்தையே இன்னொரு சொம்பு கரைத்துக் கொடுப்பாள். அத்தை கையால் அம்மாவுக்கு எதையாவது கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல்.

அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். சொம்பை வைத்துவிட்டுப் போய்த் திரும்பவும் மொண்டு குடிப்பாள். அதற்குக் காரணம், ஒருபொழுது. அடிக்கடி கக்கூஸுக்கு எழுந்து போனாள். அதற்குக் காரணம், தண்ணீர். கக்கூஸில் சாரை சாரையாக எறும்பு மொய்த்தது. வளவுப் பெண்கள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். "வெல்ல மண்டி வீட்டோட குடியிருந்தா எறும்பு வராம என்னா செய்யும்? அண்ணேகிட்டச் சொல்லி சட்டையை வெளியிலயே ஒதறச் சொல்லுக்கா" என்று ஒருத்தி சொல்ல, அப்பா அன்றிலிருந்து தெருவிலேயே சட்டையை உதறிவிட்டு வெறும் மேலோடு உள்ளே வந்தார். எறும்பு குறையவில்லை. அப்போதும் ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. மோதிரத்தில் நூல் சுற்றிப் போட்டாள், பிறகு அதுவும் நிற்காமல் கழற்றி அரிசிப் பானையில் போட்டு வைத்தாள். ஜாக்கெட்டின் முதுகில் ஊக்கு மேல் ஊக்கு. மேலே ஏறிக் கண்ணை மூடுகிற அந்தக் கன்னங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. சிரித்தால் பல் மட்டும் தெரிந்தது.

அதற்கு எல்லாரும் சேர்ந்து சொன்ன காரணம்தான் எல்லாவற்றிலும் பெரிய காரணம். அதை ஊரெல்லாம் பரப்பியது அத்தை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

"பெத்தவன்னா எங்க வீட்டு மருமக மாதிரி இருக்கணும். மகளுக்காக உருகி உருகி எப்பிடி ஆயிட்டா பாத்தியா? நானும் என்னமோ நெனச்சேன். தங்கம்டி அவ."

அம்மா அப்போது வரிசையில் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். காது வரை சிவந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் அத்தை அடுப்படி வாசலில் வந்து நிற்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கத்தா" என்றாள். அம்மா, "போதும் மதினி" என்றாள்.

எனக்கு மட்டும் அம்மா என்னவோ மாதிரி இருக்கிறாளே என்று இருந்தது. ஆனால் பெரியவர்கள் அத்தனை பேரும் மெச்சுகிற விஷயத்தில் ஒரு பிள்ளை என்ன கண்டது? சீக்கிரம் நான் குண்டானால் அம்மாவின் ஒருபொழுது முடியும் என்பது மட்டும் புரிந்தது. வாய்க்கு வேண்டாம் என்றாலும் தின்றேன். உளுந்தங்களி, முட்டை, ஈரல் என்று எதைக் கொடுத்தாலும் விழுங்கினேன். அம்மா ஊட்டிவிடுவாள். விரல்கள் காய்ந்து சொரசொரவென்று என் உதட்டில் படும்.

புரட்டாசியில் ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். மண்டி லோடு ஆட்டோவில் வெல்ல மூட்டை, பொங்கல் பானை, மண்டியின் பெரிய தராசு, எங்கள் வீட்டு ஆட்கள், வளவுப் பெண்கள் சிலர் என்று கிளம்பினோம். அம்மா மூட்டையில் சாய்ந்தபடியே வந்தாள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். "வெறும் வயித்துல வண்டி ஆட்டம் ஒத்துக்கல" என்றாள் அத்தை. அதுவும் ஒரு காரணம்.

கீழக்குயில்குடி உங்களுக்குத் தெரியும். மொட்டையாக எழுந்து நிற்கிற சமணர் மலை, அடிவாரத்தில் அய்யனார், முன்னால் தாமரைக் குளம், பெரிய ஆலமரம். அந்த மரத்தின் கிளையில் அப்பா தராசைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார். ஒரு தட்டில் என்னை உட்கார வைத்து, மறு தட்டில் மண்டை வெல்லத்தை அடுக்கினார். பழைய உடம்பு எனக்கு இன்னும் முழுசாக வந்திருக்கவில்லை. அதனால் அப்பா ஒரு யோசனை செய்திருந்தார். தட்டு சமமான பிறகும், குறைந்த எடைக்கு ஈடாக வெல்லத்தை வைத்துக்கொண்டே போனார். நான் உட்கார்ந்த தட்டு ஜிவ்வென்று மேலே போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காலை ஆட்டினேன்.

அங்கே மேலே இருந்து பார்த்தபோதுதான் அம்மா குளத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தலை தொங்கியிருந்தது. மூச்சு விடுவது எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. ஓடி வந்தவள் மாதிரி நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. உடம்பு முன்னும் பின்னுமாக ஆடியது.

அத்தை அவளைக் கூப்பிடப் போனாள். பக்கத்தில் போய்க் குனிந்தவள், திடுக்கென்று நிமிர்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

"தம்பி! வாயில பழ வாசம் வருதுடா! பழுத்த பழ வாசம்! சாமி வந்திருக்குடா!"

பெண்கள் குலவை போட்டார்கள். அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி விபூதியை அள்ளி நெற்றியில் பூசினாள். அத்தை மண்டியிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அம்மாவைத் தின்னி என்று சொன்னவள், அவள் காலடியில் உட்கார்ந்து, "வந்திருக்கறது யாரு? எங்க அய்யாவா?" என்று கேட்டாள்.

அம்மா, "தண்ணி" என்றாள்.

"தாரேன் சாமி. எம்புட்டு வேணும்னாலும் தாரேன்."

பொங்கல் வைக்கிற இடத்தில் பானகம் ஒரு குடம் கரைத்து வைத்திருந்தார்கள். அதைச் சொம்பு சொம்பாகக் கொடுத்தார்கள். அம்மா மடக் மடக்கென்று குடித்தாள். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தாள்.

அத்தையின் முகம் வெளிறிவிட்டது. "ஏத்துக்கலையே! என்னா கொறை சாமி? எடையில கொறை வச்சுட்டமா?"

அம்மாவின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. ஆமாம் என்பதாக எடுத்துக்கொண்டார்கள். "கொறைதான்டா தம்பி! இன்னும் வையி!" என்று அத்தை கத்த, அப்பா மூட்டையை அவிழ்த்து வெல்லத்தை எடுத்து எடுத்துத் தட்டில் போட்டார். தேனீக்கள் மொய்த்தன. எனக்கு அந்தக் காட்சி இன்றைக்கும் கனவில் வரும். அங்கே அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள், இங்கே அப்பா வெல்லம் அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்.

"அம்மா!" என்று நான் கூப்பிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். அவள் கண் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. நான் அலறினேன். "அத்தை, அது சாமி இல்லத்தை! அம்மாவுக்கு என்னையத் தெரியல!"

சொல்லிக்கொண்டே குதித்துவிட்டேன். வெல்லத் தட்டு தடாரென்று கவிழ்ந்து, மண்டை வெல்லம் நாலா பக்கமும் உருண்டது. அந்தச் சத்தத்தில் எல்லாரும் தராசுப் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் அம்மா படியில் பக்கவாட்டில் சரிந்தாள்.

அப்பா ஓடிப்போய் அவளைத் தூக்கினார். மூட்டை தூக்குகிற பழக்கத்தில் இரண்டு காலையும் ஊன்றி, மூச்சைப் பிடித்து, கனத்தை எதிர்பார்த்துத் தூக்கினார். கனம் இல்லை. பின்னால் தடுமாறி விழப்போனார்.

"என்னாக்கா, இம்புட்டு லேசா இருக்கா?" என்றார். "லேசா இருக்காக்கா! ஒன்னுமே இல்லக்கா இவ!" என்று கத்திக்கொண்டே லோடு ஆட்டோவுக்கு ஓடினார்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தார். எந்த வாசனைக்கு எங்கள் ஆட்கள் குலவை போட்டார்களோ, அதே வாசனைக்கு அவர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, ரத்தமே விஷமாகிக்கொண்டிருக்கிறது, அதன் வாசம்தான் அது என்று பிறகு விளக்கினார். முப்பத்தைந்து வயசுகூட ஆகாதவளுக்குச் சர்க்கரையா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் நிறையக் குடித்தார்களா? அடிக்கடி ஒன்றுக்குப் போனார்களா? எறும்பு மொய்த்ததா? உடம்பு இளைத்ததா? எல்லாவற்றுக்கும் ஆமாம். ஒவ்வொரு ஆமாமுக்குப் பின்னாலும் அத்தை அதற்கான காரணத்தையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "ஏம்மா, வீட்ல இத்தனை பேரு இருந்தீங்க, ஒருத்தராச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். அத்தைக்கு அதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை.

அம்மா பிழைத்தாள். கண்ணாடி ஊசியும் மருந்து பாட்டிலுமாக வீட்டுக்கு வந்தாள். ஃப்ரிட்ஜ் ஏது அப்போது? பானையில் மணலை நிரப்பி நனைத்து, அதற்குள் பாட்டிலைப் புதைத்து வைப்போம். காலையில் ஊசியைக் கொதிக்கவைக்கிற தண்ணீரின் சலசலப்பில்தான் எனக்கு விழிப்பு வரும்.

அத்தை குழாயடிக் கதையை நிறுத்தவில்லை. கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். "மகளுக்காக உருகி உருகியே இந்த நோவ வாங்கிக்கிட்டா. அவ சீக்க இவ எடுத்துக்கிட்டா" என்றாள். பார்க்க வந்தவர்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை சாத்துக்குடிப் பை அம்மாவுக்கு வந்தது, அந்தப் பார்வை எனக்கு வந்தது. நானும் அதை நம்பினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை வைத்துக்கொண்டு அழுதேன். மறுபடி என் பாவாடை நழுவியது.

அதைக் கண்டுபிடித்தவள் அம்மா. அத்தை கடைக்குப் போயிருந்த நேரம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாவாடை நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"எதுக்குடி சாப்பிட மாட்டேங்குற?"

"என்னாலதானம்மா ஒனக்கு இப்பிடி ஆச்சு."

அம்மா ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒன்னால இல்லடி. ஒனக்குக் காய்ச்சல் வாரதுக்கு முந்தியே எனக்குத் தாகமாத்தான் இருந்துச்சு. ஒருபொழுதுனால இல்லைன்னு எனக்கு நல்லாவே தெரியும். கண்ணு ரெண்டும் மங்குச்சு. காலு மரத்துச்சு. ஒங்கப்பாகிட்ட ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லத்தான் நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாம்லம்மா?"

"குழாயடியில ஒங்கத்தை என்னையத் தங்கம்னு சொன்னா, கேட்டியா? இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அவ வாயில அப்பிடி ஒரு சொல்லு நான் கேட்டதில்ல. நான் சீக்காளின்னு சொல்லிட்டா அது போயிருமேன்னு இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை என் மடியில் வைத்து, "தின்னு. ஒங்கத்தைகிட்ட இதைச் சொல்லிராத" என்றாள்.

நான் சொல்லவில்லை. அம்மா ஊசியோடு பல வருஷம் இருந்தாள். கண் போய், ஒரு கால் விரல்கள் போய், என் கல்யாணம் முடிந்த பிறகு போனாள். துட்டி கேட்க வந்தவர்களுக்கு நடுவில் அத்தை உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, மகளுக்காக உருகின தங்கம் என்று மறுபடி அந்தக் கதையைத்தான் சொன்னாள். எத்தனையோ பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை. சொல்லட்டும் என்று அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.